தேதியை நீங்கள் போடாதீர்கள், கருவி போடட்டும்: மென்பொருள் திட்டத்துக்கு அட்டவணை தயாரிக்கும் முறை

புராஜெக்ட் கருவியைத் திறந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, ஒவ்வொரு டாஸ்க்குக்கும் எதிரே தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் நிரப்புவது. அப்படி நிரப்பிய கேன்ட் சார்ட் (ஒவ்வொரு டாஸ்க்கையும் நாட்காட்டியில் ஒரு பட்டையாகக் காட்டும் வரைபடம்) பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அது வெறும் படம். மூன்றாவது டாஸ்க் இரண்டு நாள் தள்ளிப்போனால் அதன் பின்னால் இருக்கும் நாற்பது டாஸ்க்கின் தேதிகளையும் கையால் மாற்ற வேண்டும். யாரும் மாற்றுவதில்லை. இரண்டு வாரத்தில் சார்ட் ஒரு பக்கமும் வேலை இன்னொரு பக்கமும் போய்விடுகின்றன.

கருவிக்கு நீங்கள் தரவேண்டியவை நான்குதான்: என்ன வேலை, எவ்வளவு உழைப்பு, எதற்குப் பின் எது, யார் எவ்வளவு நேரம் கிடைப்பார். தேதி இந்த நான்கிலிருந்து கணக்கிட்டு வரும் விடை. விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பின்னால் பொருத்துவதில்தான் பெரும்பாலான அட்டவணைகள் கெடுகின்றன.

வேலையைப் பிரித்தல்

கருவியைத் திறக்கும் முன் ஒரு தாளிலோ விரிதாளிலோ பட்டியல் போடுங்கள். ஒருவர் 1 முதல் 3 நாளில் முடிக்கக்கூடியது ஒரு டாஸ்க். அதைவிடப் பெரிதாக இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னும் யாரும் யோசிக்கவில்லை என்று பொருள். அரை நாளுக்கும் கீழே உடைத்தால் அட்டவணையைப் பராமரிப்பதே தனி வேலையாகிவிடும். தொலைவில் இருக்கும் வேலைகளை இப்போதே பொடியாக உடைக்க வேண்டாம். அடுத்த ஆறு வாரத்துக்கு உரியவற்றை நுணுக்கமாகவும், அதற்குப் பிந்தியவற்றை ஒன்று இரண்டு வாரக் கட்டிகளாகவும் வைத்து, நெருங்கும்போது உடைத்தால் போதும்.

ஒரு டாஸ்க் முடிந்ததா இல்லையா என்பதில் இருவருக்கு இரண்டு கருத்து வரக்கூடாது. 'லாகின்' என்று எழுதினால் அது வெறும் தலைப்பு. 'கடவுச்சொல் மறந்தவருக்கு மீட்பு மின்னஞ்சல் போகிறது. கோட் ரிவியூ முடிந்து சோதனைச் சர்வரில் ஓடுகிறது' என்று எழுதினால்தான் டாஸ்க்.

கோட் எழுதும் வேலை பட்டியலில் எப்படியும் இடம்பிடித்துவிடும். அதைச் சுற்றி இருப்பவைதான் விட்டுப்போகும்: சோதனைச் சர்வர் அமைப்பது, சோதனைத் தரவு தயாரிப்பது, கோட் ரிவியூவும் (ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் சரிபார்ப்பது) அதில் வரும் திருத்தங்களும், பழைய டேட்டாவைப் புதிய அமைப்புக்கு மாற்றுவதும் அதற்கான ஒத்திகையும், பாதுகாப்புச் சோதனை, ஆப் ஸ்டோர் ஒப்புதலுக்குக் காத்திருப்பது, ரிலீஸ் தவறினால் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி, பயனர் கையேடு. டெஸ்டிங் என்று ஒரு வரி போட்டுவிட்டு, டெஸ்டிங்கில் கிடைக்கும் பிழைகளைத் திருத்தவும் திருத்தியதை மறுபடி சோதிக்கவும் ஒரு நாள்கூட ஒதுக்காத அட்டவணைகள் ஏராளம். பிழையே வராது என்ற நம்பிக்கை இருந்தால் டெஸ்டிங் எதற்கு?

எஸ்டிமேட்: மூன்று எண்கள்

ஒரே எண்ணைக் கேட்டால், எல்லாம் ஒழுங்காக நடந்தால் எத்தனை நாளோ அதைத்தான் சொல்வார்கள். அதனால் வேலையைச் செய்யப்போகிறவரிடமே மூன்று எண்கள் கேளுங்கள்: எல்லாம் கூடிவந்தால், வழக்கம்போல் நடந்தால், சிக்கல்கள் வந்தால். அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1950-களின் இறுதியில் கையாண்ட பெர்ட் முறையின் சூத்திரம் இன்றும் கைகொடுக்கிறது: குறைந்தபட்சம், வழக்கமானதின் நான்கு மடங்கு, அதிகபட்சம் ஆகியவற்றைக் கூட்டி 6-ஆல் வகுக்க வேண்டும்.

ஒரு ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) எழுதக் குறைந்தது 4 நாள், வழக்கமாக 6, சிக்கல் வந்தால் 14 என்று வைத்துக்கொள்வோம். 4 + 24 + 14 = 42; ஆறால் வகுத்தால் 7 நாள். அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்து 6-ஆல் வகுத்தால், இங்கே ஏறக்குறைய 1.7 நாள், நிச்சயமின்மையின் அளவு கிடைக்கும். அதை எறிந்துவிடாதீர்கள், பஃபர், அதாவது தாமதத்தைத் தாங்க ஒதுக்கும் கூடுதல் நாட்களை, கணக்கிடும்போது வேண்டும். மூன்றாவது எண் முதல் எண்ணைப்போல் ஐந்து ஆறு மடங்கு இருந்தால் எஸ்டிமேட் போடுவதை நிறுத்துங்கள். அங்கே தேவைப்படுவது சூத்திரம் அல்ல, 'இரண்டு நாள் மாதிரி செய்து பார்த்தல்' என்ற தனி டாஸ்க்.

உழைப்பும் கால அளவும் ஒன்றல்ல. 6 நாள் உழைப்பு கேட்கும் வேலையை, பழைய பதிப்பின் சப்போர்ட்டையும் பார்த்துக்கொண்டு 75% நேரம் மட்டுமே தரக்கூடியவர் செய்தால் 8 நாள் ஆகும். முழு நேரம் கிடைப்பவருக்கும் கூட்டங்கள், மின்னஞ்சல், பிறர் கேட்கும் சந்தேகங்கள் போக எட்டு மணி நேரத்தில் ஐந்தோ ஆறோதான் மிஞ்சும். இந்தக் கழிவை ஒரே இடத்தில் மட்டும் செய்யுங்கள். எஸ்டிமேட் சொல்பவர் ஏற்கெனவே கூட்டிச் சொல்லியிருக்க, கருவியிலும் 75% என்று போட்டால் ஒரே கழிவு இரண்டு முறை ஏறிவிடும்.

வரிசையும் கிரிட்டிகல் பாத்தும்

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஆப்பில், வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பித் தரும் வசதியைச் சேர்க்க வேண்டும். டாஸ்க்குகள், எளிமைக்காக இன்னும் உடைக்காத பெரிய கட்டிகளாகவே, வேலை நாட்களில்:

1. தேவைகளை எழுதி ஒப்புதல் வாங்குதல்: 3 நாள்
2. டேட்டாபேஸ் மாற்றம்: 2 நாள், 1-க்குப் பின்
3. ஏபிஐ எழுதுதல்: 6 நாள், 2-க்குப் பின்
4. திரை வடிவமைப்பு: 4 நாள், 1-க்குப் பின்
5. திரைக்கான கோட்: 5 நாள், 4-க்குப் பின்
6. பேமென்ட் சேவையின் சோதனைக் கணக்குக்குக் காத்திருத்தல்: 8 நாள், முதல் நாளே விண்ணப்பம்
7. இணைத்தல்: 3 நாள், 3, 5, 6 மூன்றும் முடிந்த பின்
8. டெஸ்டிங்: 5 நாள், 7-க்குப் பின்
9. பிழை திருத்தமும் மறுசோதனையும்: 4 நாள், 8-க்குப் பின்
10. ரிலீஸ்: 1 நாள், 9-க்குப் பின்

முன்னோக்கிக் கணக்கிடுங்கள். ஏபிஐ 11-ம் நாள் முடிகிறது, திரைக்கான கோட் 12-ம் நாள், காத்திருப்பு 8-ம் நாள். மூன்றில் கடைசியாக முடிவது திரை. ஆகவே இணைத்தல் 12-க்குப் பின்தான் தொடங்கும். மொத்தம் 25 நாள். 1, 4, 5, 7, 8, 9, 10 வழியாகப் போகும் பாதைதான் கிரிட்டிகல் பாத். இதில் எந்த டாஸ்க் ஒரு நாள் தள்ளினாலும் ரிலீஸும் ஒரு நாள் தள்ளும். ஏபிஐ பாதைக்கு 1 நாள் ஸ்லாக், அதாவது தள்ளிப்போட இடம், இருக்கிறது. சோதனைக் கணக்குக்கு 4 நாள்.

இந்த 25-ல் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஏபிஐக்கு 6 நாள் என்று போட்டோம். மூன்று எண் கணக்கு 7 என்றது. 7 என்று போட்டால் அந்தப் பாதையும் 12-ம் நாள் முடிந்து, ஒன்றுக்கு இரண்டு கிரிட்டிகல் பாத் உருவாகும். மொத்தம் இன்னும் 25-தான் என்று கருவி காட்டும். ஆனால் இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று சாராமல், ஒவ்வொன்றும் 12-ம் நாளுக்குள் முடிய 50% வாய்ப்பு இருந்தால், இரண்டும் முடிந்திருக்க 25% வாய்ப்புதான். பல வேலைகள் வந்து கூடும் புள்ளியே வழக்கமாகத் தாமதம் வெடிக்கும் இடம். இணைத்தலுக்கு முன் எத்தனை அம்புகள் வந்து சேர்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது பொறி இன்னும் பெரிது. ஏபிஐயையும் திரைக்கான கோடையும் ஒரே டெவலப்பர் எழுதுகிறார் என்றால்? டிபெண்டன்சி (எதற்குப் பின் எது என்ற சார்பு) மட்டும் பார்க்கும் கருவி, அவர் ஒரே நாளில் இரண்டு ஆள் வேலை செய்வதாக நினைத்துக்கொள்ளும். உண்மையில் ஏபிஐ 12-ம் நாள் முடிந்த பிறகே அவர் திரைக்கு வருவார். அது 17-ல் முடியும். ரிலீஸ் 30-ம் நாள். ஆளைச் சேர்த்துக் கணக்கிடாததால் மட்டும் ஐந்து நாள் வித்தியாசம். இதைச் சரிசெய்யும் வசதிக்கு ரிசோர்ஸ் லெவலிங் என்று பெயர். பெரும்பாலும் அது தானாக ஓடாது, நீங்கள்தான் இயக்க வேண்டும். இயக்கும் முன் ஒரு நகல் எடுத்துவையுங்கள். எது முந்த வேண்டும் என்று முன்னுரிமை எண் தராவிட்டால், கருவி தன் போக்கில் வரிசைப்படுத்திவிடும்.

கருவிக்குள் ஏற்றுதல்

மைக்ரோசாஃப்டின் அட்டவணைக் கருவியான எம்எஸ் புராஜெக்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது புதிய டாஸ்க்கின் அட்டவணை முறை. 2010 பதிப்பிலிருந்து அது 'மேனுவலி ஷெட்யூல்ட்' என்றே வருகிறது. அந்த நிலையில் முந்தைய டாஸ்க் தாமதமானாலும் அடுத்தது தானாக நகராது. கீழே நிலைப்பட்டையிலேயே 'ஆட்டோ ஷெட்யூல்ட்' என்று மாற்றிவிடுங்கள். அதன்பின் தொடக்கத் தேதி பத்தியைக் கையால் தொடக்கூடாது. அங்கே ஒரு தேதியை எழுதினால், 'இந்தத் தேதிக்கு முன் தொடங்கக்கூடாது' என்ற கட்டுப்பாட்டைக் கருவி சத்தமில்லாமல் வைத்துவிடும். முந்தைய வேலை சீக்கிரம் முடிந்தாலும் இது முன்னே வராது. 'சார்ட் ஏன் அசையவே மாட்டேன் என்கிறது?' என்று புலம்புகிறவர்கள் இன்டிகேட்டர் பத்தியில் சிறிய காலண்டர் படம் தெரிகிறதா என்று பார்த்து, அந்தக் கட்டுப்பாட்டை 'ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்' என்று மாற்றினால் போதும்.

காலண்டரிலும் ஒரு வழுக்கல் உண்டு. வேலை நேரத்தை நாளுக்கு 6 மணி என்று மாற்றிவிட்டு, ஆப்ஷனில் 'ஒரு நாள் என்றால் எத்தனை மணி' என்பதை 8 என்றே விட்டால், 2 நாள் என்று நீங்கள் எழுதியதைக் கருவி 16 மணி என்று எடுத்துக்கொண்டு மூன்றாவது நாளுக்கு நீட்டிவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். விடுமுறை நாட்களைப் பொதுக் காலண்டரிலும், ஒவ்வொருவரின் விடுப்பையும் அவரவர் காலண்டரிலும் போடுங்கள்.

வெளியாரின் பதிலுக்குக் காத்திருப்பதை இரண்டு டாஸ்க்குக்கு நடுவே 'லேக்' (காத்திருப்பு இடைவெளி) என்று ஒளித்துவைக்காமல், தனி டாஸ்க்காகவே காட்டுங்கள். லேக் சார்ட்டில் வெறும் இடைவெளியாகத் தெரியும்; யாரும் போன் செய்து விசாரிக்க மாட்டார்கள். டாஸ்க்காக இருந்தால் அதற்குப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார்.

இலவசமாக வேண்டும் என்றால் கேன்ட்புராஜெக்ட், புராஜெக்ட்லிப்ரே இரண்டும் கிரிட்டிகல் பாத் காட்டும். பத்துப் பேருக்குள் இருக்கும் குழுவுக்கு இவை தாராளம்.

ஜிரா, ரெட்மைன், கிட்ஹப் போன்ற இஷ்யூ டிராக்கர்களை (வேலைகளையும் பிழைகளையும் 'இஷ்யூ' என்று பதிந்து கண்காணிக்கும் கருவிகளை) அட்டவணைக் கருவி என்று எண்ணிப் பயன்படுத்தும்போது கவனம் தேவை. ஜிராவில் ஒரு இஷ்யூ இன்னொன்றை 'பிளாக்ஸ்' என்று இணைத்தால் அது படிப்பவருக்கான தகவல் மட்டுமே, தேதியைத் தானாக நகர்த்தாது. ரெட்மைனில் இரண்டு விதமான இணைப்புகள் உண்டு. 'பிளாக்ஸ்' போட்டால் முந்தையதை மூடாமல் பிந்தையதை மூட முடியாது; 'பிரிசீட்ஸ்' போட்டால்தான் பிந்தையதன் தொடக்கத் தேதி தானாகத் தள்ளும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். கிட்ஹப்பின் மைல்ஸ்டோன் (ஒரு இலக்குக்கு உரிய இஷ்யூக்களின் தொகுப்பு) காட்டும் சதவீதம் எத்தனை இஷ்யூ மூடப்பட்டது என்ற எண்ணிக்கை மட்டுமே: சின்னச் சின்னப் பத்து முடிந்து, மூன்று வார வேலை ஒன்று பாக்கியிருந்தாலும் 90% என்று பச்சையாகச் சிரிக்கும்.

பஃபரை எங்கே வைப்பது

ஒவ்வொரு டாஸ்க்கிலும் இரண்டு நாள் கூட்டிவைப்பது வீண். நாள் மிச்சமிருந்தால் வேலை அந்த நாளுக்கும் நீளும். சீக்கிரம் முடித்தவரும் அதை வெளியே சொல்லமாட்டார், அடுத்த முறை எஸ்டிமேட்டை வெட்டிவிடுவார்களோ என்ற பயம். பஃபரை மொத்தமாக ரிலீஸுக்கு முன்னால் ஒரே டாஸ்க்காக வைத்து, அதன் சாவியைத் திட்டப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

எத்தனை நாள்? மேலே உள்ள 30 நாள் பாதையில் டாஸ்க்குகளின் நிச்சயமின்மை 0.5, 0.5, 1.7, 1.5, 1, 1, 1.5 நாள், ரிலீஸுக்கு 0 என்று கொள்வோம். இவற்றை நேராகக் கூட்டக்கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 3.1 வரும். அதன் இரண்டு மடங்கு, சுமார் 6 நாள், பஃபர். டாஸ்க் தோறும் தனித்தனியாக அதே பாதுகாப்பு வைத்திருந்தால் 15 நாள் போயிருக்கும். எல்லாமே ஒரே சமயத்தில் கெட்டுப்போவதில்லை என்பதால் கிடைக்கும் லாபம் இது. ஆனால் இந்தக் கணக்கு டாஸ்க்குகள் ஒன்றையொன்று பாதிக்காது என்று வைத்துக்கொள்கிறது. ஒரே டெவலப்பர், தெளிவில்லாத ஒரே தேவை என்றால் எல்லாம் சேர்ந்தேதான் தள்ளும். அங்கே 8 நாள் வைப்பது நியாயம்.

ஸ்பிரிண்ட் முறையில் தேதி சொல்ல

ஸ்பிரிண்ட் (ஒன்று இரண்டு வாரம் என்று நீளம் மாறாத வேலைச் சுற்று) வைத்து வேலை செய்யும் குழுவிடமும் 'எப்போது முடியும்?' என்றுதான் கேட்பார்கள். சராசரி வேகத்தை மட்டும் வைத்து ஒரே தேதி சொல்லாதீர்கள். கடந்த ஆறு ஸ்பிரிண்டில் முடித்த பாயிண்ட் (வேலையின் பருமனுக்குக் குழு தரும் எண்) 18, 25, 21, 14, 23, 19 என்றால் சராசரி 20. மேலான மூன்றின் சராசரி 23, கீழான மூன்றின் சராசரி 17. பேக்லாகில் (செய்ய வேண்டியவற்றின் பட்டியலில்) 130 பாயிண்ட் இருந்தால், நன்றாகப் போனால் 6 ஸ்பிரிண்ட், இல்லாவிட்டால் 8. இரண்டு வார ஸ்பிரிண்ட் என்றால் 12 முதல் 16 வாரம்.

இதிலும் ஒன்று மறைந்திருக்கிறது. பேக்லாக் அப்படியே நிற்பதில்லை. ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் புதிதாக 4 பாயிண்ட் வந்து சேர்ந்தால் நிகரமாகக் குறைவது 16-தான். சராசரி வேகத்திலேயே 9 ஸ்பிரிண்ட், அதாவது 18 வாரம். புதிதாகச் சேர்வதையும் எண்ணிவையுங்கள். பல கருவிகளின் பர்ன்டவுன் வரைபடத்தில் (மீதி வேலையை மட்டும் காட்டுவது) அது தனியாகத் தெரியாது, பர்ன்அப்பில் (முடிந்ததையும் மொத்தத்தையும் தனித்தனியே காட்டுவது) தெரியும். ஒரு குழுவின் பாயிண்டை இன்னொரு குழுவோடு ஒப்பிட வேண்டாம். அது அளவுகோல் இல்லை, அந்தந்தக் குழுவின் செல்லப்பெயர்.

கான்பன் போர்டு (வேலைக்கு ஒரு கார்டு என்று எழுதி, நிலைவாரியாகப் பத்திகளில் நகர்த்தும் பலகை) வைத்திருப்பவர்களுக்கு வழி இன்னும் எளிது. 'நடக்கிறது' பத்தியில் 12 கார்டு, வாரம் 3 முடிகிறது என்றால், ஒரு கார்டு உள்ளே வந்து வெளியே போகச் சராசரி 4 வாரம். பத்தியில் 6-க்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்து, முடியும் வேகம் மாறாமல் இருந்தால் அது 2 வாரமாகும். ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிய வரிசை விதி இது. வரம்பு வைத்த முதல் வாரம் சிலர் கையில் புது வேலை இருக்காது. அப்போது புதிய கார்டை இழுக்காமல், ரிவியூவில் தேங்கிக் கிடப்பதைப் போய் முடிக்க வேண்டும்.

வாரந்தோறும்

அட்டவணைக்கு ஒப்புதல் கிடைத்த அன்றே பேஸ்லைன், அதாவது பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அசல் அட்டவணையின் பதிவு, சேமியுங்கள். எம்எஸ் புராஜெக்ட்டில் 11 பேஸ்லைன் வரை வைக்கலாம். முதலாவதை அழித்து எழுதாமல், தேதி மாற்றத்துக்கு ஒப்புதல் வரும்போது மட்டும் அடுத்ததைச் சேமியுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு முறையும் பேஸ்லைனைப் புதுப்பித்தால் திட்டம் எப்போதும் சரியான நேரத்தில் ஓடுவதாகவே தெரியும்.

வாரம் ஒரு நாள், அதே கிழமை, இந்த வரிசையில் செய்யுங்கள். முடிந்த டாஸ்க்குகளுக்கு உண்மையான தொடக்க, முடிவு நாளைப் பதியுங்கள். இந்த ஒரு இடத்தில்தான் தேதியைக் கையால் எழுதலாம். நடந்துகொண்டிருப்பவற்றுக்கு 'எத்தனை சதவீதம் முடிந்தது' என்று கேட்காதீர்கள், 'இன்னும் எத்தனை நாள் வேண்டும்' என்று கேளுங்கள். சதவீதம் கேட்டால் மூன்று வாரம் தொடர்ந்து 90% என்றே பதில் வரும். சதவீதம் தந்தே ஆக வேண்டும் என்றால், தொடங்காதது 0, தொடங்கியது 50, முடிந்தது 100, இவ்வளவுதான். பிறகு கடந்துபோன நாட்களில் முடியாமல் கிடக்கும் வேலையை இன்றைய தேதிக்குப் பின் தள்ளும் கட்டளையை ஓட்டுங்கள். இதைச் செய்யாத சார்ட், போன வாரமே வேலை செய்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருக்கும். கடைசியாகக் கிரிட்டிகல் பாத் இடம் மாறியிருக்கிறதா என்றும், பஃபரில் எவ்வளவு கரைந்தது என்றும் பாருங்கள். பாதையில் 30% முடிந்திருக்க, பஃபரில் 60% போயிருந்தால் உடனே பேச வேண்டிய நேரம்.

தள்ளிப்போகும்போது

முதலில் வசதிகளைக் குறையுங்கள்: முதல் ரிலீஸில் இல்லாமலும் தாங்கும் ஒன்றைக் கிரிட்டிகல் பாத்திலிருந்து எடுக்க முடியுமா? ஸ்லாக் உள்ள பாதையில் வெட்டினால் ஒரு நாளும் மிச்சமாகாது. அடுத்து, கிரிட்டிகல் பாத்தில் இருப்பவரின் மற்ற வேலையை வேறு ஒருவருக்கு மாற்றுங்கள். மூன்றாவதாக, டெஸ்டிங்கை இணைத்தல் முழுதும் முடியும்வரை நிறுத்தாமல் பகுதி பகுதியாகத் தொடங்கலாம். கொஞ்சம் மறுவேலை வரும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

ஆள் சேர்ப்பது கடைசி வழி. 4 பேர் குழுவில் இருவர் இருவராகப் பேசும் இணைப்புகள் 6. 8 பேரானால் 28. புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் கிரிட்டிகல் பாத்தில் இருக்கும் அதே ஆள்தான். ரிலீஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆள் சேர்த்தால், அவர்கள் பழகி முடிப்பதற்குள் தேதி கடந்திருக்கும். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் பழைய கோடைத் தொட வேண்டாத வேலையாகக் கொடுங்கள்: சோதனைத் தரவு, தானியங்கி டெஸ்ட், கையேடு. 'பழகுதல்' என்று ஒரு டாஸ்க்கைப் புதியவர் பெயரிலும், சொல்லிக்கொடுப்பவர் பெயரிலும் போட்டு, சார்ட் என்ன தேதி காட்டுகிறது என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

ரிலீஸ் முடிந்த வாரமே, கருவியில் பதிந்திருக்கும் உண்மையான நாட்களை முதல் பேஸ்லைனோடு பக்கத்தில் வைத்து, வேலை வகைவாரியாக வகுத்துப் பாருங்கள். இணைத்தலுக்கு 3 நாள் போட்டு 5 ஆகியிருந்தால் விகிதம் 1.7. ஏபிஐக்கு 1.1 ஆகவும், டேட்டா மாற்றத்துக்கு 2.3 ஆகவும் இருக்கலாம். அடுத்த திட்டத்தின் எஸ்டிமேட்டை இந்த விகிதங்களால் பெருக்கிக்கொள்ளலாம். இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று விட்டால், எந்த டாஸ்க் ஏன் நீண்டது என்று யாருக்கும் நினைவிருக்காது.